வாதி, பிரதிவாதி

சூர் பக்கம் வறண்ட ஆற்றை
வாதி என்கிறார்கள்.
பிரதிவாதி யாரென்று
ஒவ்வொரு ஒப்பந்தத்திலும்
நாங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

வடகரையில் முதல் வேலை.
வரைந்தவர்கள் மஸ்கட்டில்,
தோண்டியவர்கள் நாங்கள்,
நடுவே இருநூறு கிலோமீட்டர் வெயில்.
டிராயிங்கில் மணல் என்று போட்டிருந்தது.
ஜேசிபியின் பல் உடைந்த அன்று
பாறை என்று கடிதம் எழுதினேன். எண் 211.
பதிலுக்கு நாற்பத்தாறு நாள்.
அதுவரை பள்ளம் வாய் பிளந்து கிடக்க,
கரையில் அடுக்கிய தொள்ளாயிரம் எம்எம் குழாயில்
யாரோ ஒருவருடைய ஆடு
நுழைந்து குட்டி போட்டது.
ஈரம் காயாத குட்டியைத்
தேதி தெரியும்படி படமெடுத்துக்
கோப்பில் வைத்தேன்.
தாமதத்துக்கு ஆதாரம்.

பதிலில் கையெழுத்து: வீரபாகு, கன்சல்டன்ட்.
தக்கலைக்காரர். எனக்கு அடுத்த ஊர்.
ஆனாலும் கடிதத்தில்
'உரிமைகளுக்குப் பங்கமின்றி' என்றுதான் தொடங்குவார்.
சட்டைப்பையில் தெர்மாமீட்டர்.
கான்கிரீட் முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால்
லாரியைத் திருப்பி அனுப்புவார்.
ஒரே பகலில் ஐந்து லாரி.
ஐந்துக்கும் அவரைத் திட்டினேன்,
நாகர்கோவில் தமிழில், மனசுக்குள்.

ஊர் ரெண்டுபட்டதில்
கொண்டாட்டம் ஹிலாலுக்கு.
தண்ணீர் லாரி ஒன்று வைத்திருந்தவர்
மேலும் இரண்டு கோடை ஓடியதில்
இன்னொன்று வாங்கினார், நீல நிறத்தில்.
எங்களுக்கெல்லாம் அல்வா கொடுத்தார்.

தென்கரையில் அடுத்த வேலை.
டிசைன்-பில்ட் என்றார்கள்.
வரைகிற கையும் கட்டுகிற கையும்
ஒரே சம்பளப் பட்டியலில்.
பாறை வந்தால் இரவே குழாய் வளைந்துவிடும்,
காலையில் புது டிராயிங், மை காயாமல்.
கடிதம் இல்லை, எண் இல்லை,
ஆட்டுக்குக் குட்டி போட அவகாசம் இல்லை.
பதினான்கு மாதம் முன்னாலேயே
பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் கொட்டியது.
பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சிக்கொண்டு
வகுப்புக்குப் போக மறுத்தார்கள்.
இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் அளந்து பிழைப்பவள்.
இங்கே எல்லாம் மொத்தத் தொகை;
முந்நூறு எம்எம் சுவர்
இருநூற்றைம்பது ஆனதைக்கூட
டீ குடிக்கும்போது யாரோ சொல்லித்தான் கேட்டேன்.
கணக்குப்படி தாங்கும், என்றார்கள்.
தாங்கலாம்.
கணக்குப் போட்டவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வீரபாகு இப்போது எங்கள் கம்பெனி.
அடுத்த கேபின், நல்ல சம்பளம்,
மகளுக்குக் கோயம்புத்தூரில் மருத்துவ சீட்.
நீர்த்தேக்கத் தொட்டிக்குக் கான்கிரீட் வந்த பகலில்
தெர்மாமீட்டரை எடுத்துச் செருகினார்.
முப்பத்தைந்து.
லாரியைப் பார்த்தார். அட்டவணையைப் பார்த்தார்.
என்னை ஒருமுறை பார்த்தார்.
துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
அந்தப் பழைய வசவுகள்
திடீரென்று எனக்கு ஞாபகம் வந்தன,
திரும்பி வாங்க வழியில்லாமல்.

வடகரைத் தொட்டி இன்றும் எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது.
அதன் பணத்துக்கான வழக்கு நடக்கிறது,
ஆட்டுக்குட்டி எங்கள் தரப்புச் சாட்சி.
தென்கரைத் தொட்டியின் மேற்குச் சுவரில்
உள்ளங்கை அளவு ஈரம்.
யாருக்குக் கடிதம் எழுதுவது?
அனுப்புநர், பெறுநர் இரண்டும் நாங்களே.
வியாழன்தோறும் வேலை முடிந்து போய்
சாக்பீஸால் ஓரத்தைச் சுற்றிக் கோடிட்டு
தேதி எழுதிவிட்டு வருகிறேன்.

போன வியாழன்
என் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு.
பக்கத்தில் தேதி, என் கையெழுத்தில்லை.
ஏழின் நடுவே சின்னக் குறுக்குக் கோடு.
அந்த ஏழை
நாற்பத்தாறு நாள் காத்திருந்து
வாசித்தவள் நான்.